ரோசரியின் ரத்தத்தில் சோமு

காந்தி மார்க்கெட் வெங்காய மண்டியில் ஏலம் கூறிக்கொண்டிருந்த தைரியராஜை அந்தக் காலத்தில் முதலில் காதால்தான் பார்க்க முடியும். கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே போக வேண்டும். ஆள் அவ்வளவு குட்டை. மூட்டைமேல் மூட்டை போட்டு, அதன்மேல் ஏறி நின்றுதான் விலை கூறுவார். குரல் மட்டும் பாலக்கரை வரைக்கும் போகும். தொண்டைக்குக் கொடுத்ததில் கொஞ்சத்தைக் காலுக்குக் கொடுத்திருந்தால் ஆண்டவனுக்கு என்ன குறைந்துபோயிருக்கும் என்று மண்டியில் கேட்பார்கள். அவர்கள் கேட்பதற்கு முன்னால் தைரியராஜே கேட்டுவிடுவார். "டவுன் பஸ்ல நிக்கறதுக்கு எனக்கு மேல்கம்பி எதுக்குய்யா? பக்கத்துல நிக்கறவன் பெல்ட்டு போதும்" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள், அவரும் சிரிப்பார்.

கல்யாணம் எழுபத்தொன்றில். பெண் அமலராணி, பொன்மலை ரயில்வே பட்டறைக் குடும்பம். அந்த வீட்டில் நாற்காலிகூட உயரம். அப்படிப்பட்ட வீட்டுப் பெண் இவருக்கு எப்படி வாக்கப்பட்டாள் என்பதற்கு மார்க்கெட்டில் ஒரு கதை உண்டு. சித்தி வீட்டு விசேஷத்துக்கு வெங்காயம் வாங்க வந்தவள், ஏலம் போடுகிற குரலைக் கேட்டு மயங்கிவிட்டாளாம். ஆளைப் பார்த்தது அப்புறம்தானாம். "பாத்தப்பயாச்சும் ஓடியிருக்கலாம்ல?" என்று மண்டிக்கு வெளியே கீரை விற்ற மாரியாயி கேட்டதற்கு, "நான் மூட்ட மேல நின்னுகிட்டு இருந்தேன் ஆயி. எறங்கறதுக்குள்ள கோவில்ல கல்யாண ஓலை எழுதிட்டாங்க" என்றார் தைரியராஜ். எது உண்மையோ, கல்யாணப் போட்டோவில் மட்டும் இருவரும் சரிசமமாக நிற்பார்கள். படம் இடுப்போடு முடிந்துவிடும். ஸ்டுடியோக்காரர் போட்டுக்கொடுத்த தேயிலைப் பெட்டி தெரியாது.

இப்படிச் சிரித்துக் கழித்த மனுஷனுக்குச் சிரிப்பு வராத இடம் ஒன்று இருந்தது. ஒரே மகள் ரோசரி.

மாதா கோவில் தேர்பவனியில் சின்னப் பெண்களுக்குத் தேவதூதர் மாதிரி சம்மனசு வேஷம் போட்டு, முதுகில் அட்டை இறக்கை கட்டி, பூத்தட்டோடு முன்னால் நடக்கவிடுவது பாலக்கரையில் வழக்கம். இரண்டு வருஷம், மிஞ்சினால் மூன்று வருஷம். அப்புறம் சட்டை பத்தாது, வேறு பிள்ளைக்குப் போய்விடும். ரோசரிக்கு மட்டும் வருஷா வருஷம் அதே சட்டை, அதே இறக்கை. அவளோடு சம்மனசாக நடந்தவர்கள் எல்லாம் வளர்ந்து பாட்டுக் கோஷ்டிக்குப் போய்விட்டார்கள். இவள் பத்து வயசிலும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நடுவில் பூத்தூவிக்கொண்டு போனாள்.

எண்பத்து மூன்றாம் வருஷத் திருவிழாவுக்கு அமலராணியின் அண்ணன் ஸ்தனிஸ்லாஸ் வந்திருந்தார். நிலைப்படியில் குனிந்து நுழைகிற ஆள். தங்கச்சி கல்யாணத்தில் அவருக்கு அப்போதே மனமில்லை. சாப்பிட்டுக் கை கழுவியபடி சொன்னார்:

"சம்மனசு எப்ப மாப்ள மனுசியாகப் போவுது? எங்க வம்சத்துல இப்படி யாரும் கெடையாது. எங்கப்பா நின்னா லைட்டுக் கம்பம்."

"லைட்டு எரிஞ்சுச்சா மச்சான்?" என்று தைரியராஜ் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. துண்டை எடுத்துக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

மறு தைமாசம் மகளைத் தூக்கிக்கொண்டு, அமலராணியோடு தில்லை நகரில் டாக்டர் வேதவல்லியைப் பார்க்கப் போனார். குழந்தை டாக்டர். ஸ்ரீரங்கத்துக்காரர், மெட்ராசில் படித்துவிட்டு வந்தவர். வளராத பிள்ளைகளுக்கென்றே ஏதோ புதிதாகப் பார்க்கிறார் என்று மார்க்கெட்டில் பேரீச்சம்பழக் கடை வைத்திருந்த ஜெகபர் சாதிக் சொல்லித்தான் தெரியும்.

டாக்டரம்மா ரோசரியைச் சுவரோடு இருந்த அளவுப் பலகையில் நிறுத்தி அளந்தார். அமலராணியை அளந்தார். "நீங்களும் வந்து நில்லுங்கோ" என்றார்.

"என்னைய எதுக்குங்க? நான் வளந்து முடிஞ்சாச்சு."

"நில்லுங்கோ. குதிகாலக் கீழ வைங்கோ. ம்ம், இன்னும் கீழ."

"இதுக்கு மேல கீழ போனா தரையத் தோண்டணும் டாக்டரம்மா."

டாக்டர் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டார். "அப்பா குட்டையா இருந்தா குழந்தையும் குட்டையா இருக்கலாம். அது ஒன்னு. இல்லேன்னா வளர்றதுக்கு ரத்தத்துல இருக்க வேண்டியது குறையலாம். எதுன்னு டெஸ்ட் பண்ணினாத்தான் தெரியும்."

தைரியராஜ் இரண்டாவதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அப்படிப் பிடித்ததற்கு ஊசி மருந்து மட்டும் காரணமில்லை. ரத்தத்தில் ஏதோ குறை என்று ஒரு காகிதம் சொல்லிவிட்டால் போதும். அது வியாதி. வியாதிக்கு யாரும் பொறுப்பில்லை, பொன்மலைக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை.

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். மூளைக்கு அடியில் மொச்சைக்கொட்டை அளவு ஒரு சுரப்பி. வளர்ச்சி ஹார்மோன் அங்கிருந்து புறப்படும். அது ஈரலுக்குப் போய்ச் சேர்ந்ததும் ஈரல் ஒரு புரதத்தைச் செய்து ரத்தத்தில் விடும். எலும்பை நீளவைப்பது அந்தப் புரதம். இரண்டையும் ரத்தத்தில் அளக்க வேண்டும்.

"மண்டிக்காரரு லோடு கேட்டு ஆள் அனுப்பறாரு, தோட்டக்காரன் சரக்கு அனுப்பறான். அப்படித்தானுங்களே? அந்தச் சரக்குக்குப் பேரு என்னங்க?"

"சோமாட்டோமெடின்."

"சோமு... மிச்சத்த நீங்களே வெச்சுக்குங்க டாக்டரம்மா. எனக்கு சோமு போதும்."

இந்தத் தடவை டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஹார்மோன் குறைவு என்றால் ஊசி இருக்கிறது, கிடைப்பது கஷ்டம், ஆனாலும் முயற்சி செய்யலாம் என்றார். ரத்தத்தை மெட்ராசில்தான் பார்ப்பார்கள், அங்கே அதற்கான சாமான் வந்துசேர ஒன்றிரண்டு மாசம் ஆகும், வந்ததும் சொல்லி அனுப்புகிறேன் என்றார். கிளம்பும்போது, "பட்டினியா அழைச்சுண்டு வாங்கோ" என்றார்.

வீட்டுக்கு வந்த அமலராணிக்கு மற்றதெல்லாம் மறந்துபோய், பட்டினி ஒன்று மட்டும் மனசில் நின்றது. தவக்காலம் வேறு வந்துகொண்டிருந்தது. சகாயமாதாவுக்குப் பொருத்தனை செய்துகொண்டாள். சாம்பல் புதன் தொடங்கி ஈஸ்டர் வரைக்கும் மகள் ஒருசந்தி இருப்பாள், மாதா அவளை வளர்த்துவிட வேண்டும். ஒருசந்தி என்றால் ஒரு பொழுதுதான் சாப்பாடு. பெரியவர்களே புதனும் வெள்ளியும் இருந்துவிட்டு மிச்ச நாளில் ஈடுகட்டிக்கொள்வார்கள். ரோசரி தினமும் இருந்தாள். காலையில் கடுங்காபி, பகலில் தண்ணீர், பொழுது சாய்ந்ததும் சோறு. முகம் கோணாமல் இருந்தாள். வளர வேண்டும் என்று அவளுக்கும் ஆசை.

தவக்காலக் கடைசியில் சொல்லி அனுப்பினார்கள். லேபில் ரத்தம் எடுப்பதற்கு முன்னால் பிள்ளையை மாடிப்படி ஏறி இறங்க வைக்க வேண்டுமாம். உடம்பு அலுத்தால்தான் ஹார்மோன் வெளியே வரும். "இத மொதல்லயே சொல்லியிருந்தா மலைக்கோட்டைக்குக் கூட்டிட்டுப் போயி சாமியும் கும்பிட வெச்சிருப்பேனே, யாரு சாமியா இருந்தா என்ன" என்றபடி தைரியராஜும் கூடவே ஏறி இறங்கினார். மகள் முடித்து நின்றாள், அப்பா நடுப்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"யாருக்கு ரத்தம் எடுக்கணும்?" என்றான் லேப் உதவியாளன் ஆண்டி.

"எடுக்கற மாதிரி யார்கிட்ட இருக்குன்னு பாத்து எடு தம்பி."

"பட்டினியாத்தானே வந்திருக்கு?"

"நல்ல பட்டினி" என்றாள் அமலராணி, கொஞ்சம் பெருமையாகவே.

ரத்தத்தைச் சுற்றவைத்து, தெளிந்த நீரைச் சின்னக் குப்பியில் பிடித்து, ஐஸ் போட்ட பிளாஸ்க்கில் இறக்கி, காலை ரயிலில் மெட்ராசுக்கு அனுப்புவது ஆண்டியின் வேலை. தைரியராஜும் ஜங்ஷனுக்குப் போனார். ரயில் நகர்ந்ததும் கையை ஆட்டினார். "யாருக்குண்ணே டாட்டா?" என்று ஆண்டி கேட்க, "நம்ம ரத்தம்டா. மொத மொறையா மெட்ராஸ் போவுது" என்றார்.

அன்று முதல் மண்டியில் ஒரே சோமு பேச்சு. "சோமு வந்தாச்சாண்ணே?" "சோமு கிட்டருந்து தகவல் உண்டா?" தைரியராஜே எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தார், மகள் குட்டையாக இருப்பதற்குத் தான் காரணமில்லை, சோமுதான் காரணம், காகிதம் வரப்போகிறது என்று. அரைகுறையாகக் கேட்ட மாரியாயி ஒருநாள் அமலராணியை வழிமறித்து, "யாருடி அந்த சோமு? சம்சாரியா? உன் புருசன் காலையிலேருந்து அவன் பேச்சாவே இருக்காரு. குடும்பத்துக்குள்ள விட்டுப்புடாதீங்கடி" என்று கீரைக்கட்டோடு புத்தியும் சேர்த்துக் கொடுத்து அனுப்பினாள்.

ஈஸ்டர் போன கையோடு காகிதம் வந்தது. டாக்டர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் சரியில்லை.

"ஹார்மோன் குறைவே இல்ல. அதிகமாவே இருக்கு. ஆனா சோமாட்டோமெடின் ரொம்பக் கம்மி."

"மண்டிக்காரரு கத்துறாரு, தோட்டக்காரன் காதுல விழல."

"அப்படித்தான் தோணறது. சில குழந்தைகளுக்கு உடம்பு அந்த ஹார்மோன் சொல்றதக் கேக்காது. பிறவியிலேயே அப்படி. அப்படி இருந்தா ஊசி போட்டும் பிரயோஜனம் இல்ல. உள்ள இருக்கறதே எக்கச்சக்கமா இருக்கே."

தைரியராஜ் கேட்ட காகிதம் கையில் இருந்தது. வியாதிதான், சோமுதான் குறைச்சல். ஆனால் மருந்தில்லாத வியாதி. மண்டியில் விஷயத்தைச் சொன்னார். யாரும் கேலி பண்ணவில்லை. அவரும் பண்ணவில்லை. அன்றைய ஏலத்தில் குரல் பக்கத்து மண்டியைத் தாண்டவில்லை என்றார்கள்.

நாலைந்து நாள் கழித்து ஒரு கூடை மாம்பழத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு ஒன்றாம் நம்பர் பஸ் ஏறினார். பிரயோஜனம் இருக்கிறதோ இல்லையோ, ஊசியைப் போட்டுப் பார்த்துவிடலாம் என்று டாக்டரம்மாவை வீட்டில் போய்க் கெஞ்சிப் பார்ப்பது திட்டம். பாலத்தில் போகும்போது காவேரி வற்றி, மணலில் பையன்கள் பந்தடித்துக்கொண்டிருந்தார்கள். எல்லாரும் அவரவர் வயசுக்கு வளர்ந்த பையன்கள்.

ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதி வீடு. டாக்டரம்மா புடவைத் தலைப்பை இழுத்துச் செருகியபடி வந்தார். கூடையைப் பார்த்ததும் சங்கடப்பட்டார்.

"இதெல்லாம் எதுக்கு? உக்காருங்கோ. சாப்பிடுங்கோன்னு சொல்ல முடியல, இன்னிக்கு ஏகாதசி. எங்காத்துல தளிகை கிடையாது. மோர் தரேன்."

"ஏகாதசின்னா?"

"உபவாசம். அரிசி சேத்துக்க மாட்டோம். மாசத்துல ரெண்டு நாள்."

"ரெண்டே நாளா? பரவால்லைங்களே. எங்க ரோசரிக்கு இந்தத் தவக்காலம் பூரா ஏகாதசிதான்."

மோர் எடுக்கப் போன டாக்டர் நின்றார். "என்ன சொன்னேள்?"

"ஒருசந்தி டாக்டரம்மா. ஒரு வேளச் சாப்பாடு. அவ அம்மா பொருத்தனை. சாம்பல் புதன்லேருந்து ஈஸ்டர் வரைக்கும்."

"தினமுமா? ரத்தம் எடுத்தப்பவும் அப்படித்தானா?"

"ஆமாங்க. நீங்கதானே பட்டினியா அழைச்சிட்டு வரச் சொன்னீங்க? ரத்தம் எடுக்கற அன்னைக்குத் திடீர்னு பட்டினி போட்டா புள்ள தாங்காதுன்னு, முன்கூட்டியே ஆரம்பிச்சுட்டோம்."

டாக்டர் வேதவல்லி ஊஞ்சலில் உட்கார்ந்துவிட்டார். அப்புறம் நெற்றியில் தட்டிக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தவர், நிறுத்தப் படாதபாடு பட்டார்.

"நான் சொன்னது முந்தின நாள் ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம் ஒன்னும் குடுக்காதீங்கோன்னு! அவ்வளவுதான். சரியா சாப்பிடாத குழந்தைக்கு அந்தப் புரதம் தானாவே எறங்கிடும். ஹார்மோன் ஏறிடும். ரெண்டும் அப்படியே வந்திருக்கு. சோத்துக்கே வழியில்லாத வீட்டுல யாராவது மாடி கட்டுவாளா? உடம்பும் கட்டாது."

"அப்ப காதுல விழாத தோட்டக்காரன்...?"

"அதெல்லாம் இப்ப ஒன்னும் சொல்றதுக்கில்ல. மொதல்ல குழந்தைக்குச் சாதம் போடுங்கோ. மூனு மாசம் நன்னா சாப்பிடட்டும். அப்புறம் மறுபடியும் எடுத்துப் பாக்கலாம்."

பஸ்ஸில் திரும்பும்போது மாம்பழக் கூடையைக் கொடுக்கவே மறந்துபோய்த் தலையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டாராம். இது கண்டக்டர் சொன்னது.

அந்தக் கோடை மாதிரி ஒரு கோடை அப்புறம் வரவே இல்லை என்று, டீச்சர் டிரெய்னிங் படிக்கப் போன காலத்திலும் ரோசரி சொல்லிக்கொண்டிருந்தாள். ஜெகபர் சாதிக் பேரீச்சம்பழம் கொடுத்தனுப்பினார். மாரியாயி முருங்கைக்கீரையை உருவிக் கையில் கொடுத்து, "இத ஆக்கித் தின்னு, அந்த சோமுப் பய எங்க இருந்தாலும் வருவான்" என்றாள். காலையில் முட்டை, பகலில் மீன், சாயங்காலம் பாலக்கரை பேக்கரி பன். தின்று தின்று அவளுக்கு ஏப்பமே மாம்பழ வாசனையில் வந்தது.

அமலராணிக்கு மட்டும் மாதாவின் நினைப்பு. ஈஸ்டருக்கு அப்புறமும் பிள்ளை வளரும்வரை ஒவ்வொரு வெள்ளியும் அவளை ஒருசந்தி வைப்பதாகவும் அவள் வேண்டியிருந்தாள். இப்போது அதற்கு வழியில்லை.

"மாதாவுக்கு நான் என்னங்க பதில் சொல்றது?"

"சாப்பாட்டு விசயத்துல அப்பனுக்கும் புள்ளைக்கும் ஒரே ரேஷன் கார்டுதானே? வெள்ளிக்கெழமைக்கு நான் இருக்கேன்."

இருந்தார். முதல் வெள்ளி மத்தியானம் மூட்டைமேல் நின்று விலை கூறும்போது கண் இருட்டிக்கொண்டு வந்து, வெங்காய வியாபாரி ஒருவர்மேல் சாய்ந்தார். தாங்கிப் பிடித்தவர்கள் சோடா வாங்கி நீட்டினார்கள். "ஒருசந்தி" என்று கையால் தள்ளிவிட்டுத் திரும்ப ஏறினார். எதையும் விளையாட்டாக எடுத்துக்கொள்கிற ஆள் இதை ஒரு வெள்ளிகூட விடவில்லை. மகள் ரத்தத்தில் உண்மையாகவே குறை இருக்க வேண்டும், ஊசி கிடைக்க வேண்டும், அவள் வளர வேண்டும், தன்மேல் பழி வரக்கூடாது. இத்தனையும் ஒரு நேரச் சோற்றுக்குக் கேட்டார்.

ஆடி முடியும்போது மறுபடியும் மாடிப்படி, மறுபடியும் ஊசி, மறுபடியும் பிளாஸ்க். காகிதம் வந்த சனிக்கிழமை மகளை வெளிப் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு உள்ளே போனார். டாக்டரம்மாவுக்கு வாயெல்லாம் பல்.

"ரெண்டும் சரியா இருக்கு! ஹார்மோனும் சரி, உங்க சோமுவும் சரி. மூனே மாசத்துல கொஞ்சம் வளர்ந்தும் இருக்கா. குழந்தைக்கு ஒரு வியாதியும் இல்ல."

"அப்ப ஊசி?"

"எதுக்கு? அவ அப்பா மாதிரி இருக்கா. அவ்வளவுதான். அவ பாட்டுக்கு வளருவா. உயரமா வரமாட்டா. நன்னா இருப்பா."

தைரியராஜ் தலையை ஆட்டினார். துண்டால் முகத்தைத் துடைத்தார். டாக்டர் அது சந்தோஷக் கண்ணீர் என்று நினைத்துக்கொண்டார்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ரோசரி இரண்டு தடவை கேட்டாள், "என்னப்பா சொன்னாங்க?" அவர் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். சோமு கொஞ்சம் குறைச்சல்தான், டானிக்கில் சரியாகிவிடும் என்று சொல்லிவிட்டால் யாருக்குத் தெரியப் போகிறது? காகிதம் இங்கிலீஷில் இருக்கிறது. மார்க்கெட்டில் அதைப் படிக்க ஆளில்லை. வீட்டில் ஸ்தனிஸ்லாஸ் வந்து காத்திருப்பார். அவருக்குப் பட்டறை இங்கிலீஷ்தான், நட்டும் போல்ட்டும். பாலக்கரை நிறுத்தம் வரும்வரை பொய் நாக்கு நுனியிலேயே இருந்தது. ஆனால் அந்தப் பொய்யைச் சொன்னால் ரோசரிக்கு ஆயுசுக்கும் ஏதோ வியாதி என்று தெருவே பேசும். கல்யாண வயசில் அது முன்னால் வந்து நிற்கும். இறங்கும்போது மகள் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

ஸ்தனிஸ்லாஸ் பனியனோடு இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். "என்ன மாப்ள, சோமு வந்தாரா?"

தைரியராஜ் வாசலிலேயே நின்றார். மண்டியில் கூறுகிற அதே குரலில், தெருக்கோடிக்குக் கேட்கும்படி சொன்னார்:

"வந்துட்டாரு மச்சான், குண்டுமணி கொறையாம வந்துட்டாரு! எம் பொண்ணுக்கு வியாதியும் இல்ல, வெக்கையும் இல்ல. அவ குட்டையா இருக்கறதுக்கு ஒரே காரணம் நான். வேற யாருமில்ல. போதுமா?"

எதிர்வீட்டில் ரேடியோவைக் குறைத்தார்கள்.

"அதத்தானே நான் அப்பவே..." என்று ஸ்தனிஸ்லாஸ் ஆரம்பித்தார்.

"அண்ணே, சாப்பிட வந்தியா, தீர்ப்புச் சொல்ல வந்தியா?" என்றாள் அமலராணி, கரண்டியைக் கீழே வைக்காமல். "இவரு குட்டைன்னு எனக்குக் கல்யாணத்தன்னைக்குத் தெரியாதா? கண்ணு அவிஞ்சா போயிருந்துச்சு? உயரம் வேணும்னா நான் தென்னமரத்தக் கட்டியிருக்க மாட்டேனா?"

ஸ்தனிஸ்லாஸ் ரசத்தை ஊற்றிக்கொண்டார்.

ரோசரி அப்பா முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப எனக்கு இனிமே ஊசி கெடையாதா?"

"கெடையாது."

"ஒன்னுகூட?"

"ஒன்னுகூட கெடையாதும்மா."

அவள் பெரிதாக மூச்சு விட்டாள். சட்டைக் கையைச் சுருட்டி, ஊசி குத்தின இடத்தைத் தடவிப் பார்த்தாள்.

"நான் அப்பா மாதிரின்னு இந்தத் தெருவுல யாரக் கேட்டாலும் சொல்லியிருப்பாங்களே. அதுக்கா ரெண்டு தடவ குத்த விட்டீங்க?"

ஸ்தனிஸ்லாசுக்குத்தான் முதலில் சிரிப்பில் புரையேறியது. அமலராணி அவர் தலையில் தட்டிவிட்டு, மகளுக்கு இலை போட்டாள்.